கரடிக்கு எந்தக் கைத்துப்பாக்கி? அலாஸ்காவுல அஞ்சு சீசன் அலைஞ்சவன் சொல்லுதேன்

நம்ம ஊர்க்காரங்க நெறைய பேரு இப்போ அமெரிக்காவுல இருக்காங்க, கோடை லீவுக்கு அலாஸ்கா, மொன்டானா, யெல்லோஸ்டோன்னு புள்ளைகளோட கெளம்பிருதாங்க, கெளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி எனக்கு போன் போட்டு "அண்ணாச்சி, கரடிக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்"னு கேக்காங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி ஓயல, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போட்டுருதேன். போன மாசம் ஊருக்கு வந்தப்போ எங்க சித்தப்பாவும் இதே கேள்விய வேற மாதிரி கேட்டாரு, அதுக்கு கடைசில வாரேன்.

எனக்கு சொந்த ஊரு ஆழ்வார்குறிச்சி பக்கம். படிச்சது ஜியாலஜி. அலாஸ்காவுல கனிமம் தேடுற கேம்ப்ல அஞ்சு கோடை வேலை பாத்தேன். காலையில ஹெலிகாப்டர்ல ரெண்டு ரெண்டு பேரா மலையில எறக்கி விட்டுட்டுப் போயிருவாங்க, சாயங்காலம் தான் வந்து தூக்குவாங்க, நடுவுல பத்து மணி நேரம் நாமளும் கல்லு சாக்கும் கொசுவும் கரடியும் தான். போன் சிக்னல் எல்லாம் கெடையாது, சாட்டிலைட் போன்ல கூப்பிட்டாலும் மேகம் எறங்கிருச்சுன்னா ஹெலிகாப்டர் வராது. அந்த எடத்துல இடுப்புல என்ன இருக்குங்கறது ரொம்ப முக்கியம்.

மொதல்ல ஒண்ணு, இத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. எச்1பி, ஸ்டூடன்ட் விசா மாதிரி விசாவுல இருக்கறவங்க அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருக்கதே பெடரல் சட்டப்படி குத்தம். செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு வழி இருக்கு, ஆனா "பிரண்டோட துப்பாக்கி தானே, நான் சும்மா வச்சிருந்தேன்"னு சொல்லி தப்பிக்க முடியாது, விசா போயிரும். அலாஸ்காவுல 21 வயசு ஆனவங்க பெர்மிட் இல்லாமலே எடுத்துட்டுப் போகலாம்னு 2003-ல இருந்து சட்டம் இருக்குது, அத மட்டும் பாத்துட்டு நம்ம பயலுவ கடைக்குப் போயிருதானுவ. கிரீன் கார்டு இருந்தா பிரச்சன இல்ல. நான் மொத ரெண்டு சீசன் எச்1பில இருந்தேன், அதனால கூட வந்த ஆளு கிட்ட தான் துப்பாக்கி, என்கிட்ட கரடி ஸ்ப்ரே மட்டும், அதாவது கரடி மொகத்துல அடிக்கிற காரப் புகை டப்பா. கனடா வழியா கார்ல போறவங்க கைத்துப்பாக்கிய மறந்துருங்க, பார்டர்ல விட மாட்டாங்க.

மூணாவது சீசன்ல கிரீன் கார்டு வந்துச்சு. வந்ததும் வராததுமா போய் வாங்குனது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, நாலு இஞ்ச் பேரல், 44 மேக்னம், செகண்ட் ஹேண்ட். எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. 44 மேக்னம் 1955-ல இருந்து வர்ற தோட்டா, கரடிக் காட்டுல ரெண்டு தலைமொறையா நம்பிக்கையா வச்சிருக்கது. துருப்பிடிக்காத ஸ்டீல், ஆறு குண்டு, வெறும் துப்பாக்கியே கிட்டத்தட்ட 1.2 கிலோ. பாக்க அவ்வளவு அழகு, டிரிக்கர் வெண்ணெய் மாதிரி. ஆங்கரேஜ்ல ரேபிட் கிரீக்னு அரசாங்க ரேஞ்சு ஒண்ணு இருக்கு, அங்க போய் மொத குண்டு சுட்டேன், கை ரெண்டும் தலைக்கு மேல போயி நின்னுச்சு. ரெண்டாவது குண்டு சுடதுக்கு துப்பாக்கிய எறக்கி, பிடிய சரி பண்ணி, குறி பாத்து, அதுக்குள்ள ஒரு செகண்டுக்கு மேல ஓடிருச்சு.

அந்த ஒரு செகண்டு தான் இந்த மொத்த விஷயமும். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும், செகண்டுக்கு பதினஞ்சு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆல்டர்னு ஒரு புதர் அங்க, ஆளு உயரத்துக்கு மேல, நம்ம ஊர்ல ஆத்தங்கரையில நாணல் மண்டிக் கெடக்கும்ல அது மாதிரி நெருக்கமா, ஆனா கட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கெடக்கும். அதுக்குள்ள கரடி இருந்தா முப்பது மீட்டர்ல கூட தெரியாது. முப்பது மீட்டர்னா ரெண்டு செகண்டு. ரெண்டு செகண்டுல எடுத்து, குறி பாத்து, சுடணும்.

நான் அத கண்ணால பாத்தேன். அதே மூணாவது சீசன், ஜூலை மாசம், ஒரு ஓடையில மண்ணு சாம்பிள் எடுத்துட்டு மேல ஏறுதோம், பக்கத்து புதர்ல இருந்து ஒரு தாய்க் கரடி எந்திரிச்சு நிக்கி, குட்டி ஒண்ணு பின்னால. இருபது மீட்டர் இருக்கும். என் கை தானா இடுப்புக்குப் போச்சு. போனா, முதுகுப் பையோட இடுப்பு பெல்ட் உறைக்கு மேல இறுக்கமா உக்காந்துருக்கு, பிடி கைக்கு வரல. மழைக் கோட்டு வேற. இழுக்கேன், வரல. கூட வந்த பெரியவரு, அலாஸ்காவுலயே பொறந்து வளந்தவரு, ஒரு கையில ஸ்ப்ரேய முன்னால நீட்டிட்டு மெதுவா, கொரல ஒசத்தாம அது கூட பேசிக்கிட்டே ஒவ்வொரு அடியா பின்னால போறாரு. அது ஊஃப்னு ரெண்டு தடவ மூச்சு விட்டுச்சு, நாலு காலையும் எறக்குச்சு, குட்டிய கூட்டிட்டுப் போயிருச்சு. 1,000 டாலர் குடுத்து வாங்குன துப்பாக்கி உறைக்குள்ளயே கெடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி கூடாரத்துல தூக்கம் வரல எனக்கு.

அதனால இந்த ரிவ்யூவுல துப்பாக்கிக்கு முன்னாடி உறையப் பத்தி சொல்லுதேன். முதுகுல பை மாட்டுறவங்க, ஆத்துல எறங்கி மீன் பிடிக்கறவங்க யாரா இருந்தாலும் நெஞ்சு உறை தான் வாங்கணும், தோள் மேல ஒரு வாரு, முதுகு சுத்தி ஒரு வாரு, துப்பாக்கி நெஞ்சுக்கு நடுவுல சாய்வா உக்காந்துருக்கும். பை மாட்டுனாலும் கை போகும், உக்காந்துருந்தாலும் போகும், கீழ விழுந்து மல்லாக்கக் கெடந்தாலும் போகும். நான் மொதல்ல மலிவா நைலான்ல ஒண்ணு வாங்குனேன், எந்தக் கம்பெனின்னு சொல்லல, மூணாவது வாரத்துலயே கொக்கி ஒடைஞ்சு துப்பாக்கியோட சேந்து தொங்கிருச்சு. அதுக்கப்புறம் தோல்ல தச்சது ஒண்ணு வாங்குனேன், துப்பாக்கி வெலையில நாலுல ஒரு பங்கு ஆச்சு, மழையிலயும் சேத்துலயும் ரெண்டு சீசன் கெடந்தும் ஒரு தையல் பிரியல. துப்பாக்கியில காசு மிச்சம் பிடிச்சாலும் உறையில மிச்சம் பிடிக்காதீங்க.

நாலாவது சீசன் 44-ஐ வித்துட்டு கிளாக் 20 வாங்குனேன். 10 எம்எம் தோட்டா, 15 குண்டு மேகசின், எல்லாம் நெறைச்சாலும் 1.1 கிலோ சொச்சம் தான், அதாவது வெறும் 44 ரிவால்வரை விட குண்டு ரொம்புன கிளாக் லேசு. 600, 700 டாலருக்குள்ள முடிஞ்சுது. பாக்க செங்கல் மாதிரி இருக்கும், அழகுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா கிரீன்லாந்துல நாய் வண்டியில சுத்துற டென்மார்க் ராணுவத்தோட 'சிரியஸ்'ங்கற ரோந்துப் படை பனிக்கரடிக்கு இதத்தான் இடுப்புல வச்சிருக்காங்க, அந்தக் குளிர்ல வேல செய்யுதுன்னா நமக்கு போதும்.

காகிதக் கணக்குல 44 தான் பலம், அதுல சந்தேகம் இல்ல. நான் ரேஞ்சுல பண்ணிப் பாத்தது என்னன்னா, ஏழு மீட்டர்ல ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு பேப்பர ஒட்டி வச்சுட்டு, நெஞ்சு உறையில இருந்து எடுத்து மூணு செகண்டுக்குள்ள எத்தன படுதுன்னு எண்ணுனேன். 44-ல ரெண்டு குண்டு போகும், ஒண்ணு தான் தட்டுல படும். 10 எம்எம்ல அஞ்சு போகும், நாலு படும். ஒரு நாள் இல்ல, ஒரு மாசம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பண்ணேன், பெருசா மாறல. மணிக்கட்டு பெருசா இருக்கற ஆளுக்கு, வருசக் கணக்கா ரிவால்வர் பழகுன ஆளுக்கு இந்தக் கணக்கு மாறும். எனக்கு மாறல, நம்ம ஆளுகள்ல முக்காவாசிப் பேருக்கு மாறாது.

கூட வேலை பாத்த ஒரு பையன் ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன்னு ஒண்ணு வச்சிருந்தான், 454 கசல்னு ஒரு பெரிய தோட்டா போடுறது, பேரல் ரெண்டரை இஞ்ச் தான். குடுத்தான், நாலு குண்டு சுட்டேன், அஞ்சாவது வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டேன், உள்ளங்கை சாயங்காலம் வரைக்கும் மரத்துப் போச்சு. அந்தப் பையனே வருசத்துக்கு ஒரு டப்பா தோட்டா கூட சுட்டு முடிக்கல, கை வலிக்குதுன்னு. வலிக்குதுன்னு பழகாம வச்சிருக்க துப்பாக்கி காட்டுல என்னத்துக்கு ஆகும்? 500 மேக்னம்னு இன்னும் பெருசு ஒண்ணு இருக்கு, அஞ்சு குண்டு தான், நீள பேரல்னா ரெண்டு கிலோ, அத நெஞ்சுல கட்டிட்டு மலை ஏறி இறங்குனா மூணாம் நாளு கழட்டி கேம்ப்ல வச்சுட்டுத் தான் போவீங்க.

ரிவால்வருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அத மறைக்கக் கூடாது. கரடி மேல விழுந்துட்டுதுன்னா துப்பாக்கி வாய அது ஒடம்புல அழுத்தி வச்சு சுட வேண்டி வரலாம், ரிவால்வர் அப்பவும் சுடும். கிளாக் மாதிரி செமி ஆட்டோமேட்டிக்ல மேல நகருற பாகம், ஸ்லைடு, பின்னால தள்ளப்பட்டா சுடாது. பிடி தளர்ந்து ஒத்தக் கையில சுட்டா சிக்கவும் வாய்ப்பு இருக்கு. இதத் தெரிஞ்சுக்கிட்டு தான் நான் 10 எம்எம் பக்கம் போனேன்.

தோட்டா விஷயத்துல ஏமாறாதீங்க. கடையில தற்காப்புக்குன்னு கேட்டா நுனி குழிஞ்ச ஹாலோ பாயின்ட் குடுப்பான், அது மனுசனுக்கு, ஒடம்புல பட்டதும் விரிஞ்சு சீக்கிரம் நின்னுரும். கரடிக்கு மேல கனமான ரோமம், அடியில கொழுப்பு, அதுக்கப்புறம் தசை, பெறவு தோள் எலும்பு, இத்தனையும் தாண்டி உள்ள போகணும். அதுக்கு கடினமா வார்த்த, தட்டையான நுனி, விரியாத கனமான குண்டு வேணும், ஹார்ட் காஸ்ட்னு சொல்லுவாங்க, 10 எம்எம்ல 200, 220 கிரெயின் (கிரெயின்ங்கறது குண்டோட எடை அளவு). ஒண்ணு, மேல உறையோ பூச்சோ இல்லாத ஈயக் குண்டு போடாதீங்கன்னு கிளாக் கம்பெனியே சொல்லுது, அதனால பூச்சு உள்ளதா பாத்து வாங்குங்க. வாங்குன தோட்டாவ வச்சு குறைஞ்சது ரெண்டு டப்பா உங்க துப்பாக்கியில சிக்காம போகுதான்னு சுட்டுப் பாத்துட்டு தான் காட்டுக்குப் போகணும்.

இவ்வளவு சொல்லிட்டு இப்போ சொல்லுதேன், என் நெஞ்சுல துப்பாக்கி இருந்தாலும் அஞ்சு சீசன்ல ஒரு கரடிய நான் சுட்டதில்ல, கடவுள் புண்ணியம். ஸ்ப்ரே ஒரே ஒரு தடவ அடிச்சிருக்கேன். நாலாவது சீசன் கடைசில, செத்த மான் ஒண்ணு பக்கத்துல கெடந்தது எங்களுக்குத் தெரியாம போயிருச்சு, ஒரு பெரிய கரடி தல தாழ்த்தி காதப் பின்னால மடக்கி நேரா ஓடி வந்துச்சு. பத்து மீட்டர்ல அமுக்கினேன். செவப்பு மேகம் மாதிரி முன்னால விரிஞ்சுது, அது அதுக்குள்ள மொகத்த விட்டுச்சு, சடக்குன்னு பக்கத்துல திரும்பி ஓடியே போயிருச்சு. காத்து கொஞ்சம் நம்ம பக்கம் அடிச்சுது, எங்களுக்கும் கெடைச்சுது பங்கு, மூக்கு கண்ணு எல்லாம் எரிஞ்சு அரை மணி நேரம் இருமல். வீட்டுல மொளகா வத்தல் வறுக்கும்போது தெருவே கமறும்ல, அத நூறு மடங்கு வச்சுக்கோங்க. ரெண்டுலயும் உள்ள காரம் ஒண்ணு தான், கேப்சைசின்.

அலாஸ்காவுல 1985-ல இருந்து 2006 வரைக்கும் ஸ்ப்ரே அடிச்ச சம்பவங்கள எடுத்துப் பாத்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, பழுப்புக் கரடிய 92 சதவீதம் தடவ நிறுத்திருக்கு. துப்பாக்கிய பத்தி 1883-ல இருந்து 2009 வரைக்கும் பாத்த இன்னொரு ஆராய்ச்சில கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76. ரெண்டு ஆராய்ச்சியும் எடுத்த சம்பவங்களே வேற வேற ரகம், அதனால இத வச்சு அது பெருசா இது பெருசான்னு சண்ட போடாதீங்க. நான் எடுத்துக்கிட்டது, ஸ்ப்ரே பயந்தாங்கொள்ளிங்க சாமான் இல்லங்கறது, கைத்துப்பாக்கியும் சும்மா இல்லங்கறது. ஸ்ப்ரேக்கு துல்லியமான குறி தேவையில்ல, நடுங்குற கையிலயும் மேகம் விரியும். எதிர்க்காத்து, கொட்டுற மழை, கூடாரத்துக்குள்ள, இந்த எடத்துல அது தோக்கும், அங்க தான் துப்பாக்கிக்கு வேலை. வாங்கும்போது 225 கிராமுக்குக் குறையாத டப்பாவா, தேதி தாண்டாததா பாருங்க, பிளேன்ல பெட்டியிலயும் விட மாட்டாங்க, எறங்குன ஊர்ல தான் வாங்கணும். கொசு மருந்து மாதிரி ஒடம்புலயோ கூடாரத்துலயோ அடிக்கிற ஆளுகளும் இருக்காங்க, தயவு செஞ்சு அப்பிடிப் பண்ணாதீங்க, காஞ்ச பெறவு அந்த வாசனைக்கே கரடி வரும்.

சுட்டுட்டா கத முடிஞ்சிராது. அலாஸ்காவுல உயிரக் காப்பாத்த கரடியக் கொன்னா, தோல நகத்தோட உரிச்சு, மண்டை ஓட்டையும் சேத்து அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்கணும், 15 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும். 300 கிலோ மிருகத்த மழையில தனியா உரிக்கணும், பக்கத்துல இன்னொரு கரடி வருதான்னு பாத்துக்கிட்டே. நேஷனல் பார்க்குக்குள்ள 2010-ல இருந்து துப்பாக்கி கொண்டு போகலாம், அதுக்காக எடுத்து சுடலாம்னு அர்த்தம் இல்ல. யெல்லோஸ்டோன்ல புள்ளைகளோட நடக்கறவங்களுக்கு ஆளுக்கொரு ஸ்ப்ரே போதும், துப்பாக்கியே வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். கூட்டமா நடங்க, சத்தமா பேசிட்டுப் போங்க. அங்க எல்லாரும் "ஹே பேர்"னு கத்துவாங்க, நான் "ஏலேய் வாரோம்லே"ன்னு தான் கத்துவேன், கூட வந்த பெரியவரும் கடைசி சீசன்ல அதையே கத்த ஆரம்பிச்சுட்டாரு.

இப்போ சித்தப்பா. அவருக்கு கடையத்துக்கு மேக்க மலை அடிவாரத்துல மாந்தோப்பு. களக்காடு முண்டந்துறை காடு, 1988-ல புலிகள் காப்பகமாச்சே, அதோட ஓரம். மாம்பழம் பழுக்கும்போதும் பலா வெடிக்கும்போதும் கரடி எறங்கும், வரப்புல உள்ள கறையான் புத்த நோண்டிப் போட்டுட்டுப் போகும். 2022 நவம்பர்ல கடையம் பக்கம் ஒரு கரடி பைக்ல போன ஆளப் போட்டு கொதற, காப்பாத்தப் போன ரெண்டு பேரு மொகத்தையும் கிழிச்சது ஊர்ல யாரும் மறக்கல. மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு களக்காட்டுக் காட்டுல விட்டாங்க, அந்தக் கரடியும் செத்துப் போச்சு. அதுல இருந்து சித்தப்பாக்கு ராத்திரி தோப்புக்குப் போக பயம். "ஏலே, அந்த அமெரிக்கா துப்பாக்கி மாதிரி ஒண்ணு இங்கன லைசென்ஸ்ல கெடைக்குமா"ன்னு கேட்டாரு.

"வேண்டாம் சித்தப்பா"ன்னேன். இங்க சாதாரண ஆளு லைசென்ஸ் எடுத்து வாங்குற கைத்துப்பாக்கி பெரும்பாலும் 32 ரிவால்வர் தான், 44 மேக்னத்தோட சக்தியில ஏழுல எட்டுல ஒரு பங்கு தான் வரும், நாலு வெரல் நீள நகம் வச்சுக்கிட்டு மேல பாயுற மிருகத்த அது நிறுத்தாது, வெறி ஏத்தி விடும். சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட அனுமதி இல்லாம போறதே குத்தம், கரடி 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. உயிர் போற நேரத்துல தற்காப்புக்கு அடிச்சா சட்டம் மன்னிக்கும், ஆனா அத ஃபாரஸ்ட் ஆபீஸ்லயும் கோர்ட்லயும் நிரூபிச்சு வெளிய வாரதுக்குள்ள தோப்பு பாதி வித்துரும். அதவிட முக்கியமான ஒண்ணு, நம்ம கரடி அலாஸ்கா கரடி மாதிரி கெடையாது. புலி கூட வளந்த சாதி, திடுக்குன்னு பக்கத்துல மனுசனப் பாத்தா ஓடணும்னு தோணாது, மொதல்ல அடிக்கும், அதுவும் மொகத்துல. புத்த உறிஞ்சிட்டு இருக்கும்போது அதோட சத்தத்துல நாம வாரது அதுக்குக் கேக்கவே கேக்காது. அந்த தூரம் மூணு நாலு மீட்டர். அதுல எந்தத் துப்பாக்கியும் உறைய விட்டு வெளிய வராது.

"பெறவு நான் என்னலே செய்ய"ன்னாரு. நீங்க ராத்திரி எதுக்குப் போறீங்கன்னு கேட்டேன். மும்முனை கரண்டு ராத்திரி தான் வருது, மோட்டாரு போடப் போறேம்ன்னாரு. மாசத்துல இருபது ராத்திரி, ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும், கையில ஒரு செல்போன் வெளிச்சத்த வச்சுக்கிட்டு.

மறுநாளே அம்பாசமுத்திரம் போயி மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுனோம், சிம் போட்டு போன் அடிச்சா மோட்டாரு ஓடும், கரண்டு வந்துச்சா போச்சான்னு மெசேஜும் வரும், சில ஆயிரம் தான் ஆச்சு. அவசரத்துக்குப் போகணும்னா தூரமா அடிக்கிற நல்ல எல்இடி டார்ச்சு ஒண்ணு, தடியில ஒரு மாட்டு மணி, பாட்டு வச்ச ரேடியோ, கூட ஒரு ஆளு. புத்து கெடக்குற வரப்புல உள்ள பொதர எல்லாம் வெட்டிப் போட்டோம். விழுந்த பழத்த சாயங்காலமே பொறுக்கி எடுத்துரச் சொன்னேன்.

நேத்து ராத்திரி ரெண்டரைக்கு போன் வந்துச்சு. பயந்து போயி எடுத்தேன். "ஏலே, திண்ணையில இருந்துட்டே மோட்டாரப் போட்டுட்டேம்லே, தண்ணி விழுற சத்தம் இங்கன வரைக்கும் கேக்கு"ன்னாரு.